வௌவால் அறுவடை

ஐயாவுவை அரசாங்கங்கள் மூன்று தடவை இடம் மாற்றியிருந்தன. இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரை, 'நீ இந்த ஊர்க்காரன் இல்லை' என்று ஓர் அரசாங்கம் கப்பலேற்றியது. மண்டபம் முகாமில் இறக்கிக்கொண்ட இன்னோர் அரசாங்கம், 'நீ எங்கள் ஆள்தான், ஆனால் இங்கே இடமில்லை' என்று அந்தமானுக்குக் கப்பலேற்றியது. ஒரு தீவில் இருபது வருடம் ரப்பர் மரம் சீவிய பிறகு, 'உன் உழைப்பைப் பாராட்டி' என்று இரண்டு ஏக்கருக்கு ஒரு காகிதம் கொடுத்து, போர்ட் பிளேருக்குத் தெற்கே சூக்கா டிக்ரி என்ற கடலோரக் கிராமத்துக்கு மறுபடியும் கப்பலேற்றியது. ஒவ்வொரு தடவையும் கையெழுத்து வாங்கினார்கள், தேநீர் கொடுத்தார்கள். நான்காவதாக, 2004 டிசம்பரில் கடல் வந்தது. அது கையெழுத்து எதுவும் கேட்கவில்லை. அதனாலோ என்னவோ, ஐயாவுவுக்குக் கடல் மேல் அவ்வளவு கோபம் கிடையாது.

கடல் திரும்பிப் போனபோது நிலம் இடுப்பளவு கீழே இறங்கியிருந்தது. சூக்கா டிக்ரி என்றால் இந்தியில் காய்ந்த மேடு. அந்தக் காய்ந்த மேட்டில் ஐயாவுவின் பாதி நிலம் தினமும் இரண்டு வேளை கடலாகியது. தென்னையும் பாக்கும் நின்ற நிலையிலேயே செத்தன. மிஞ்சியது, கரையோரமாக நீண்டு கிடந்த ஒரு மணல் மேடும், அதன் மறைவில் ஒரு தகர வீடும், வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கரும்தான்.

மணல் மேட்டின் மேல் மூன்று கிழட்டு வாதாங்கொட்டை மரங்கள் நின்றன. தீவில் எல்லோரும் ஜங்லி பாதாம் என்பார்கள். அந்த மண்ணிலேயே பிறந்த மரம். உப்புக் காற்று குடித்து, உப்புத் தண்ணீரில் வேர் நனைத்து வளர்வது. அலை வந்து போனதை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மாசியில் வழக்கம்போல இலை சிவந்து உதிர்ந்தது, பங்குனியில் தளிர்த்தது, அப்புறம் காய்த்தது.

"இதுக்கு நம்ம புத்திதான், அடிச்சாலும் போவாது" என்றாள் ஐயாவுவின் மனைவி வேலாயி.

அவள்தான் அந்த மரத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவள். வாதாங்கொட்டையை மரத்தில் ஏறிப் பறித்தால் ஒன்றுக்கும் உதவாது. பருப்பு சூம்பியிருக்கும், சதை அழுகிப் பருப்பையும் கெடுக்கும். பழம் பழுக்கவேண்டும், பழந்தின்னி வௌவால் வரவேண்டும், அது சதையைச் சுற்றிலும் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே துப்பவேண்டும். காலையில் விளக்குமாறு எடுத்துக் கூட்டிச் சேர்த்து, தகரத்தில் பதினைந்து நாள் காயவைத்து, கல்லின் மேல் நிறுத்தி, விளிம்பு பார்த்து வெட்டுக்கத்தியால் ஒரே போடு போட்டால் பருப்பு முழுசாக வரும். வௌவால் வேண்டாம் என்று ஒதுக்கிய கொட்டையை வேலாயியும் வேண்டாம் என்று ஒதுக்கினாள். வௌவாலுக்குத் தெரியாததா?

வௌவால் துப்பியதிலேயே நல்லதாகப் பார்த்து அந்த மேடு முழுக்க ஊன்றினார்கள். இரண்டு கோடைக்கு வேலாயி மேலே இருந்த ஓடையிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றினாள். 2009-இல் எல்லாம் காய்ப்புக்கு வந்தன. கிழட்டு மரங்களையும் சேர்த்து நாற்பத்தொன்று. பருப்பை போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் ஒரு இனிப்புக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். மிச்சத்தை அரைத்துக் குழம்பில் போட்டார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், வேர்கள் மணல் மேட்டைப் பிடித்துக்கொண்டன, மேடு கடலைப் பிடித்துக்கொண்டது, அதன் பின்னால் இரண்டு ஜீவன்கள் குடியிருந்தன.

2011 தை மாதம் நில அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நிலம் கொடுத்த காகிதத்தில் ஏழாவது நிபந்தனை ஒன்று இருக்கிறதாம்: நிலத்தில் தொடர்ந்து விவசாயம் நடக்கவேண்டும். அதிகாரிகள் வந்து பார்த்ததில் தென்னையும் இல்லை, பாக்கும் இல்லை, தானாக வளர்ந்த காட்டு மரங்கள் மட்டுமே இருக்கின்றன. ஆகவே நிலம் கைவிடப்பட்டதாகக் கருதி, செப்டம்பரில் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். குடியிருப்பவர்கள் வேறு தீவுக்கு அனுப்பப்படுவார்கள்.

ஐயாவு அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அறுபது வயதுக்குள் அவர் பேர் எழுதியிருந்த ஒரே பொருள் அந்த இரண்டு ஏக்கர்தான். இன்னொரு கப்பல் ஏற அவருக்குத் தெம்பில்லை.

நில அலுவலகத்துக்கு ஓடி, அந்த மரங்கள் தானாக வளரவில்லை, நாங்கள் வைத்து வளர்த்தது என்றார். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அப்படியானால் அனுமதியில்லாமல் விவசாய நிலத்தில் காட்டு மரம் நட்ட குற்றமாகும், அதற்கு வேறு பிரிவு என்றார். நடவில்லை என்றால் நிலம் காடு. நட்டேன் என்றால் நட்டவன் குற்றவாளி. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வழி உண்டா என்று ஐயாவு கேட்டார். குமாஸ்தா நல்ல மனிதர். கொட்டைமர மிஷனில் போய், இது முறையான கொட்டைமரத் தோட்டம்தான் என்று ஒரு சான்றிதழ் வாங்கி வந்துவிட்டால் போதும் என்று வழி சொல்லிவிட்டார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அங்கே ஆரம்பித்தது.

தீவு நாட்டுக் கொட்டைமர வளர்ப்பு மிஷன் அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் இருந்தது. உப்பேறிய நிலத்தில் நாட்டுக் கொட்டை மரங்களை வளர்த்து மக்களை வாழவைப்பதற்காகச் சுனாமிக்குப் பிறகு தொடங்கியது. 'ஒரு கொட்டை, ஓர் எதிர்காலம்' என்று மூன்று மொழிகளில் சுவரில் எழுதியிருந்தது. முப்பத்துநான்கு பேர் வேலை பார்த்தார்கள். ஊருக்கு வெளியே நாற்றங்கால் ஒன்று இருந்தது, கன்று வாங்க ஆள் வந்ததில்லை. மரம் ஒன்று இருந்தது, தொட்டியில், இயக்குநர் அறைக்கு வெளியே. அதற்குத் தண்ணீர் ஊற்ற மூன்று பேரைப் போட்டு, அந்த மூன்று பேரும் ஊற்றினார்களா என்று பார்க்க இரண்டு பேரைப் போட்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்களும் சந்தேகத்துக்கு ஒரு சொம்பு ஊற்றியதில் மரம் வேர் அழுகி நின்றது. ஏன் அழுகியது என்று ஆராய ஒரு குழு உட்கார்ந்திருந்தது.

இயக்குநர் சிவப்பிரகாசம் மெயின்லேண்டிலிருந்து வந்தவர். மரம் வைத்திருக்கும் ஒரு விவசாயி நேரில் வந்திருக்கிறார் என்று சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எல்லோரையும் கூப்பிட்டு ஐயாவுவைக் காட்டினார். முப்பத்துநான்கு பேரும் வரிசையாக வந்து பார்த்தார்கள், சிலர் தொட்டும் பார்த்தார்கள்.

"பாருங்க ஐயாவு," என்றார் சிவப்பிரகாசம், உணர்ச்சிவசப்பட்டு. "இந்த அஞ்சு வருஷத்துல இந்த மிஷன் எவ்வளவு வேலை செஞ்சிருக்குன்னு வெளியில யாருக்கும் தெரியாது. எங்களுக்கே தெரியாது."

சான்றிதழ் ஒரு பெரிய விஷயமே இல்லை, ஆய்வு முடிந்ததும் கையில் கொடுத்துவிடலாம் என்றார். ஐயாவு கும்பிட்டுவிட்டு வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு பீடி பற்றவைக்க ஆசைப்பட்டார்.

ஆய்வுக்குழு மாசி கடைசியில் வந்தது. மிஷனின் கள உதவியாளன் ரவிக்குமாரும், கொட்டை நிபுணர் அகிலாவும். ரவிக்குமார் தீவிலேயே பிறந்தவன், பாதி தமிழும் பாதி இந்தியுமாகப் பேசுவான். அகிலா இந்த மரத்தைப் பற்றி முந்நூறு பக்கத்துக்கு ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர், எல்லாம் படங்களைப் பார்த்து. அவர்கள் வந்த அன்று மேடு முழுக்க இலைகள் சிவந்து உதிர்ந்து கிடந்தன. கிளைகள் மொட்டையாக நின்றன. அகிலா மரம் மரமாகப் போய்த் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை ஐயாவுவே பார்த்தார். பிறகு, நாற்பத்தொரு மரங்களும் இறந்துவிட்டன என்று எழுதினார்.

ஐயாவு பதறிப்போனார். வருஷா வருஷம் இப்படித்தான் உதிரும், ஒரு மாதம் பொறுங்கள், தளிர்த்துவிடும் என்று கெஞ்சினார். வேலாயி ஒரு கிளையை நகத்தால் கீறிப் பச்சையைக் காட்டினாள். அகிலா ஆறுதலாக அவள் தோளைத் தொட்டு, இழப்பை ஏற்றுக்கொள்ள எல்லோருக்கும் கொஞ்ச காலம் ஆகும் என்றார். 'காரணம்: விவசாயியின் கவனக்குறைவு' என்றும் எழுதிக்கொண்டு போனார்.

பங்குனி பாதியில் மேடு முழுக்கப் பச்சைத் தளிர். ஐயாவு ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு மிஷனுக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த பதில், கோப்பு மூடியாகிவிட்டது, இறந்த மரம் தளிர்ப்பதற்கு விதியில் இடமில்லை என்பதுதான். நான்கு தடவை போர்ட் பிளேருக்கு நடையாய் நடந்தார். ஐந்தாவது தடவை சிவப்பிரகாசமே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். ஆய்வுக்குழுவின் காலடி பட்ட ஒரே மாதத்தில், இறந்துபோன நாற்பத்தொரு மரங்களை மிஷன் உயிர்ப்பித்துவிட்டது என்று டில்லிக்கு எழுதிவிட்டாராம். டில்லியே அசந்துபோயிருந்தது. அறுவடையைப் பார்க்க அங்கிருந்து ஒரு மேலதிகாரி வரப்போகிறார்.

"சான்றிதழ், தொர?" என்றார் ஐயாவு. தோட்டத்தில் பழகிய வாய்க்கு அதிகாரி என்றால் தொரைதான்.

அறுவடைப் படிவம் ஒன்றுதான் பாக்கி, அதை நிரப்பியதும் தந்துவிடலாம் என்றார் சிவப்பிரகாசம்.

ரவிக்குமார் படிவத்தோடு வந்தான். வேலாயி கொடுத்த பருப்பை மென்றுகொண்டே ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதினான். பன்னிரண்டாவது கேள்வியில் வண்டி நின்றது.

"அங்கிள், அறுவடைக்கு எத்தன ஆளு?"

"ஆளு இல்ல தம்பி. வௌவாலுதான்."

"அரே அங்கிள், சரியா சொல்லுங்க. வௌவால் லேபரா, ஓனரா?"

ஐயாவு எவ்வளவோ யோசித்தும் வௌவால் எந்த வகை என்று அவருக்குப் பிடிபடவில்லை. ரவிக்குமார் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொண்டுபோனான். வெறுமையாக விட்ட கட்டத்தைப் பார்த்த மிஷன் மூன்று வாரம் கூடி ஆலோசித்து ஒரு கருத்துரை அனுப்பியது. வௌவால்கள் வேலையாட்கள் என்றால், அவற்றின் வயதும் முகவரியும் வேண்டும். வேலையாட்கள் இல்லை என்றால், விவசாயியின் விளைச்சலை மூன்றாம் நபர்கள் அனுமதியின்றி எடுக்கிறார்கள், ஆகவே அவர் போலீசில் புகார் கொடுத்து அதன் நகலை இணைக்கவேண்டும். மூன்றாவதாக, வனவிலங்கு எடுத்துக்கொண்ட பழம் வனவிலங்கின் உடைமை, அதை அதனிடமிருந்து எடுப்பது எந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்று தனியே விசாரிக்கப்படும்.

"தின்னுட்டுத் துப்புனத எடுத்தா அதுகிட்டருந்து புடுங்குனதாவுமா?" என்று வேலாயி ரவிக்குமாரைக் கேட்டாள்.

"ரூல் அப்படித்தான் ஹை, ஆன்ட்டி. நான் என்ன செய்ய?" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவனே ஒரு வழியும் கொண்டுவந்திருந்தான். மரங்களின் மேல் மிஷன் செலவில் நைலான் வலை போட்டுவிடுவது. வௌவால் உள்ளே வராது. மேலதிகாரி வரும் அன்று ஐயாவு ஏணி போட்டு ஏறிக் கையால் பறிப்பது. அப்போது பன்னிரண்டாவது கட்டத்தில் 'ஒருவர்' என்று எழுதிவிடலாம். கையால் பறித்தால் கொட்டை உதவாது என்று ஐயாவு சொன்னார். கொட்டையைப் பற்றிப் படிவத்தில் கேள்வியே இல்லை என்று ரவிக்குமார் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினான். உண்மைதான், இல்லை.

நீல வலை வந்தது. வௌவால்கள் மூன்று நாள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டன. பழங்கள் மரத்திலேயே கறுத்து அழுகி, வலைக்குள் தொங்கின. அந்த வாடை வீடு வரைக்கும் வந்தது. வேலாயி காலையில் பழக்கத்துக்கு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போவாள், கூட்ட ஒன்றுமில்லாமல் திரும்பி வருவாள். வாய்விட்டு அழுகிற ஜாதியில்லை அவள். வீட்டுக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்திவிட்டு வருவாள்.

வைகாசிக் கடைசியில் விழா. பந்தல் போட்டார்கள், ஒலிபெருக்கி கட்டினார்கள். மிஷனின் முப்பத்துநான்கு பேரும் ஒரே நிறச் சட்டையில் வந்தார்கள். மேலதிகாரிக்கு மாலை விழுந்தது. ஐயாவுவுக்கு ஒரு தொப்பி. சிவப்பிரகாசம் பேசினார்.

"வௌவாலை நம்பி விவசாயம் செய்த காலம் மலையேறிவிட்டது. வௌவாலிடம் திட்டம் இருக்கிறதா? இல்லை. ஆண்டறிக்கை கொடுக்குமா? கொடுக்காது. அது ஒருநாளாவது ஆய்வுக் கூட்டத்துக்கு வந்திருக்கிறதா? பறக்கிறது, தின்கிறது, போய்விடுகிறது. ஆனால் இந்த மிஷன் அப்படியல்ல. ஐந்து ஆண்டுகளில் ஒரு கொட்டையைக்கூட நாங்கள் தின்றதில்லை. ஒரு கொட்டையைக்கூடக் கீழே போட்டதில்லை. எங்கள் கைபட்டு ஒரு கொட்டை வீணானது என்று யாராவது நிரூபிக்க முடியுமா?"

யாராலும் முடியாது என்பதால் கைதட்டினார்கள்.

ஐயாவு ஏணியில் ஏறி, அழுகாமல் மிஞ்சியிருந்த பச்சைக் காய்கள் பத்தைப் பறித்தார். உடைத்துக் காட்டச் சொன்னார்கள். சதை வழுக்கிக் கத்தி சறுக்கியது. உள்ளே பருப்புக்குப் பதிலாகச் சுருங்கின தோல் இருந்தது. ரவிக்குமார் நிலைமையைப் புரிந்துகொண்டு, அபர்டீன் பஜாரில் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த காஷ்மீர் பாதாமை வெள்ளித் தட்டில் நீட்டினான். மேலதிகாரி நாலைந்தை ஒன்றாக வாயில் போட்டு மென்று கண்ணை மூடினார். இந்த மண்ணின் ருசியே தனி என்று சொன்னார்.

போகிற போக்கில் அவர் ஐயாவுவின் தோளில் கைபோட்டு, கன்றுகள் மிஷன் நாற்றங்காலில் வாங்கியவைதானே என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லும்படி ரவிக்குமார் பின்னால் நின்று தலையைத் தலையை ஆட்டினான். ஆனால் ஐயாவுவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவர் பெருமையாகவே சொன்னார்: "இல்லீங்க தொர. வௌவாலு போட்ட கொட்டைய நாங்களே ஊனினது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே வாயை மூடிக்கொண்டது. மேலதிகாரி கையை எடுத்துக்கொண்டார். மறுநாள் மிஷனிலிருந்து கடிதம் வந்தது. மிஷன் நாற்றங்காலில் பிறந்து, எண் பெற்ற கன்றுகளே கொட்டைமரம் என்ற சொல்லுக்குள் அடங்கும். ஐயாவுவின் நிலத்தில் நிற்பவை, பிறப்பு அறியாத மரங்கள். அவற்றை அகற்றி, மிஷன் தரும் நாற்பத்தொரு கன்றுகளை நட்டால், நட்ட அன்றே தோட்டச் சான்றிதழ் கையில் தரப்படும்.

ஐயாவு அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சிவப்பிரகாசத்தின் அறைக்குப் போய், தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கச் சொன்னபோதும் எழுந்திருக்கவில்லை.

"தொர, அந்த வேருதான் மேட்டப் புடிச்சிருக்கு. வேரு போனா மேடு போயிரும். மேடு போச்சுன்னா கடலு நேரா எங்க வீட்டுக்குத்தான் வரும்."

சிவப்பிரகாசம் கல் மனதுக்காரர் இல்லை. தானே ஒரு விவசாயியின் மகன்தான் என்றார், உங்கள் வலி எனக்குத் தெரியும் என்றார். ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பிறகு திரும்பி உட்கார்ந்து, "மேடுங்கறது வேற துறை, ஐயாவு" என்றார்.

நில அலுவலகத்திலும் போய்க் கேட்டார். சான்றிதழ் இல்லாவிட்டால் செப்டம்பரில் கப்பல் என்று குமாஸ்தா வருத்தத்தோடு சொன்னார்.

அன்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் மேட்டில் உட்கார்ந்து பேசினார்கள். மரத்தை வெட்டக் கூடாது என்றாள் வேலாயி. கப்பலேற்றினால் ஏற்றட்டும், எந்தத் தீவிலும் வௌவால் இருக்கும், கொட்டை போடும், மறுபடி ஊன்றுவோம் என்றாள். ஐயாவு எழுந்துபோய் ஒரு மரத்தின் அடியைத் தடவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மரத்த எங்க வேணும்னாலும் வைக்கலாம் புள்ள," என்றார் கடைசியில். "எம்பேர எங்க கொண்டுபோயி வைக்கிறது? சிலோன்ல இருந்துச்சு, அடிச்சுட்டாங்க. மண்டபத்துல ஒரு நம்பர்தான் குடுத்தாங்க. இங்கதான் பேரு இருக்கு. இதையும் விட்டுட்டா நான் ஆருன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

வேலாயி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். அவர் அழுவதை அவள் அதற்கு முன்னால் பார்த்ததே கிடையாது.

ஆனியில் ஐயாவு தானே வெட்டினார். கூலிக்கு ஆள் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் வேலாயி கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள், உலை வைக்கவில்லை. வெட்டி முடிந்ததும் அகிலா வந்து பார்த்து, பழைய வேர் மண்ணில் இருந்தால் புதுக் கன்றுக்கு நோய் வரும் என்றார். மஞ்சள் இயந்திரம் ஒன்று வந்து அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டது. ஒவ்வொரு வேரும் வெளியே வரும்போது ஒரு வண்டி மணலையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்தது. முழங்கால் உயரத்தில் நாற்பத்தொரு கன்றுகளைப் பையோடு கொண்டுவந்து நட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கன்றைவிட உயரமான ஒரு எண்பலகை நின்றது. அன்றே சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். சொன்ன சொல் தவறாத மிஷன் அது. சட்டம் போட்டு, கண்ணாடி பதித்து, 'முன்மாதிரிக் கொட்டைமர விவசாயி' என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தது.

ஆடி அமாவாசைக்குக் கடல் பொங்கியது. தென்மேற்குக் காற்றும் சேர்ந்துகொண்டது. முதல் ஏற்றத்தில் மேடு பாதியாயிற்று, இரண்டாவது ஏற்றத்தில் மேடு இருந்த இடம் தெரியவில்லை. கன்றுகள் எந்தப் பக்கம் போயின என்று யாரும் பார்க்கவில்லை, எண்பலகைகள் மட்டும் கொஞ்ச தூரம் மிதந்தன. தகர வீட்டுக்குள் தண்ணீர் கழுத்துக்கு வந்தது. வேலாயி ஒரு மூட்டையையும் ஐயாவு சான்றிதழையும் தூக்கிக்கொண்டு ரோட்டு மேட்டில் ஏறினார்கள். அங்கேயே ஒரு தார்ப்பாயைக் கட்டி ஒண்டிக்கொண்டார்கள். ஏற்றத்தில் வந்த கடல் இறக்கத்திலும் முழுசாகத் திரும்பிப் போகவில்லை. இரண்டு ஏக்கரும் உப்பங்கழியாகிவிட்டது.

ஐயாவு சான்றிதழை நில அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். குமாஸ்தா அதை இரண்டு பக்கமும் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். நிலம் தண்ணீருக்குள் இருக்கிறது என்று ஐயாவு சொன்னார். காகிதத்தில் அப்படி இல்லை, அதனால் கவலைப்படவேண்டாம் என்று குமாஸ்தா தைரியம் சொன்னார். நிலையான பட்டா தயாராகிவிட்டது. ஆனால் விதிப்படி அதை நிலத்தில் வைத்துத்தான் நிலத்துக்காரரிடம் கொடுக்கவேண்டும்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு டிங்கிப் படகில் வந்தார்கள். சிவப்பிரகாசம், குமாஸ்தா, புகைப்படக் கருவியோடு ரவிக்குமார், துடுப்புப் போட ஒருவர். படகுக்காரர் ஐயாவுவையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தார். குமாஸ்தா தடுத்துவிட்டார். படகில் வைத்துக் கொடுத்தால் செல்லாது. ஐயாவு ரோட்டு மேட்டிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார். ஏற்றம் தொடங்கியிருந்த நேரம். இடுப்பளவில் போய் நின்று, இங்கே போதுமா என்று கேட்டார்.

ரவிக்குமார் இன்னொரு கையிலிருந்த ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்தான். "இன்னும் தோடா முன்னால, அங்கிள். அங்க நின்னா ரோடு."

ஐயாவு முன்னால் போனார். தண்ணீர் வயிற்றுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் என்றான். போனார். தண்ணீர் நெஞ்சைத் தொட்டதும், போதும், இதுதான் உங்கள் நிலம் என்றான். டிங்கி பக்கத்தில் வந்தது. சிவப்பிரகாசம் குனிந்து பட்டாவை நீட்ட, ஐயாவு இரண்டு கையாலும் வாங்கினார். 'ஐயாவு' என்று மேலேயே பெரிய எழுத்தில் இருந்தது. அவர் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். நனையாமல் இருக்கத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். கொஞ்சம் சிரிக்கச் சொல்லி ரவிக்குமார் படம் எடுத்தான்.

"பாத்தீங்களா, மிஷன நம்புனவங்க கெட்டுப்போனதில்ல," என்றார் சிவப்பிரகாசம். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரே ஒரு நிபந்தனைதான். பட்டாதாரர் நிலத்துலயே இருக்கணும். வெளியேறிட்டா, கைவிட்டதா அர்த்தம். ஆள் வந்து பாப்பாங்க."

எப்போது வந்து பார்ப்பார்கள் என்று ஐயாவு கேட்டார். அது முன்கூட்டிச் சொல்வதற்கில்லை என்றார் குமாஸ்தா. டிங்கி திரும்பியது. அலை ஏறிக்கொண்டிருந்ததால் அவர்கள் கொஞ்சம் அவசரமாகவே போனார்கள்.

ரோட்டு மேட்டில் வேலாயி தண்ணீரின் விளிம்பு வரை இறங்கி வந்து நின்றாள்.

"போதுங்க, ஏறி வாங்க," என்று கூப்பிட்டாள். "அதத் தூக்கிப் போட்டுட்டு வாங்க. நீச்சலு தெரியாதுங்க ஒங்களுக்கு."

ஐயாவு அவளைப் பார்த்தார். போகிற படகைப் பார்த்தார். யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று பார்த்தார். தண்ணீர் தோளுக்கு வந்துவிட்டது. காகிதத்தை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதிகாலை எக்கி, தன் நிலத்திலேயே நின்றார்.